இரண்டாவது பதிலை அமுக்கு

மந்தாரக்குப்பம்
16-6-2013

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி இளவழகன் எழுதுவது. நான், தனம், நிலா மூவரும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவுக்கு முதுகுவலி விட்டதா? உன் தீவுக்குப் போன் போட்டால், ‘அலோ, அலோ, கேக்குதா?’ என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கடிதமே மேல். கப்பல் ஏறி வந்தாலும் சொன்னது சொன்னபடி வந்து சேரும்.

உன் மகள் நிலா ஏழாவது ‘ஏ’ பிரிவில் உட்கார்ந்துவிட்டாள். அங்கே இந்தி தெரியாமல் திணறுவாள் என்று போன வருஷம் நீ அவளை இங்கே கொண்டுவந்து விட்டபோது, ‘ஒன்ன நம்பித்தான்டா வுட்டுட்டுப் போறன்’ என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். கணக்கு வாத்தியார் வீட்டில் வளர்கிற பிள்ளை. நீ கவலையை மூட்டை கட்டி வை.

இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு புதுப் பரீட்சை. பெங்களூர் கம்பெனி ஒன்று நடத்துகிறது. பேப்பரும் இல்லை, பேனாவும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பிள்ளை ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் போட்டால் அடுத்த கேள்வி கஷ்டமாக வரும். தப்பாகப் போட்டால் அடுத்தது சுலபமாக வரும். இப்படி ஏற்றி இறக்கி, அந்தப் பிள்ளையின் படிப்பு எந்த வகுப்பு மட்டத்தில் நிற்கிறது என்று மிஷினே கண்டுபிடித்துவிடும். ஒருவருக்கு வந்த கேள்வி பக்கத்தில் இருப்பவருக்கு வராது. அதனால் பார்த்து எழுதுகிற பேச்சே கிடையாது. ஜூலையில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை. நடுவில் பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று கணக்கெடுப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டேன். சரியாகச் சொன்னால் ஒரு படி மேலே, தப்பாகச் சொன்னால் ஒரு படி கீழே. ஒரே கூச்சல். ஹெட்மிஸ்ட்ரஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் மகள் மொட்டை மாடிக் கதவு வரை போய் நின்றுகொண்டு, ‘மாமா, படி தீந்துபோச்சி, இன்னும் கேளுங்க’ என்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அக்கா. இத்தனை வருஷ வேலையில் இப்போதுதான் ஒரு நல்ல பரீட்சையைப் பார்க்கிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி
இளவழகன்


கேம்ப்பெல் பே
8-7-2013

அன்புத் தம்பிக்கு,

அக்கா பொற்கொடி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே மழை பிடித்தால் விடுவதில்லை. துணி காயாத குறை ஒன்றைத் தவிர வேறு குறையில்லை. அவருக்கு முதுகுவலி தேவலாம். பவர்ஹவுஸில் ராத்திரி டூட்டி போட்டால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது.

உன் படிக்கட்டு வைத்தியத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ‘ஒந் தம்பி வாத்தியார் வேலைக்குன்னே பொறந்தவன்டி’ என்றார். கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது. சும்மா சொல்லக்கூடாது, நீ நல்ல வாத்தியார்தான். வீட்டுக்காரி தனத்தை ஒரு சினிமாவுக்குக் கூட்டிப் போகத் தெரியாதே தவிர.

ஒரே ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் பரீட்சை என்கிறாய், உங்கள் ஊரில் கரண்ட் இருக்கிறதா? டீசல் ஊற்றி மோட்டார் ஓட்டுகிற இந்தத் தீவிலேயே எங்களுக்கு மின்விசிறி சுற்றுகிறது. நிலக்கரி வெட்டி ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற சிம்னிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நீங்கள் விசிறிமட்டையால் வீசிக்கொள்கிறீர்கள். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் விளக்கு எரியும், ரோட்டைத் தாண்டினால் மந்தாரக்குப்பத்தில் இருட்டு. நான் அங்கே பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா?

நிலாவிடம் சொல். தெரிந்ததைத் தெரிந்தபடி போடட்டும். தெரியாவிட்டால் தலையில் இடி விழாது. தனத்துக்கு என் அன்பு. நிலாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரச் சொல்.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
4-8-2013

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலமே. தனத்துக்கு மட்டும் லேசான சளி.

பரீட்சை முடிந்தது. நீ சொன்னபடியே முதல் நாள் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து வைத்தோம். அது போட்ட சத்தத்தில் பிள்ளைகளுக்கு அவர்கள் நினைப்பது அவர்களுக்கே கேட்டிருக்காது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மானிட்டர் மேல் விரலால் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன் என்று நின்றாள். தெரியாத கேள்வியை விட்டுவிட்டுக் கடைசியில் போடலாம் என்று நாம்தானே காலம் காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? இந்த மிஷினில் பதில் போடாமல் அடுத்ததுக்கே போக முடியாது. பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு கேள்வி தானாக மாறும் என்று காத்திருந்தார்கள். சிரிப்பாக வந்தது.

மதிப்பெண் என்று பார்த்தால் இந்தப் பரீட்சையில் அது பெரிய விஷயமில்லை. வளர்ச்சிதான் முக்கியம் என்று டைரக்டர் மீட்டிங்கில் சொன்னார். பிப்ரவரியில்தான் எல்லாம் தெரியும். பழைய கரஸ்பாண்டன்ட்டின் மகன் கொளஞ்சிநாதன்தான் இப்போது டைரக்டர். கெட்டிக்காரர்.

வேறு விசேஷமில்லை. மழை ஏமாற்றுகிறது. மாமாவுக்கு வணக்கம்.

இளவழகன்


மந்தாரக்குப்பம்
25-8-2013

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

தமிழ்நிலா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்கிறீர்களா? அம்மா, நீ அனுப்பிய சங்கு வந்தது. சித்தீகாவுக்கு ஒன்று கொடுத்தேன். அவள் என் உயிர்த் தோழி.

பரீட்சை எப்படி எழுதினேன் என்று கேட்டிருந்தாய். நான் நன்றாகத் தப்பாக எழுதினேன். பரீட்சைக்கு முதல் நாள் மாமா வகுப்புக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ‘புள்ளைங்களா, நாளைக்கு கேள்விய யாரும் படிக்க வேணாம். ரெண்டாவது பதில அமுக்கிக்கினே போங்க. பிப்ரவரில வர்ற பரீட்சைக்கு மட்டும் படிச்சிப் போட்டா போதும்.’ நான் எழுந்து, ‘தெரிஞ்ச கேள்வி வந்தா சார்?’ என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மாமாவை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். ‘தெரிஞ்சாலும் ரெண்டாவதுதான். ஒக்காரு’ என்றார்.

நான் அப்படியே செய்தேன். கேள்வி வரவரச் சின்னதாகிவிட்டது. கடைசியில் குளத்தில் எத்தனை வாத்து என்று படம் வந்தது. அம்மா, அதற்கு ரெண்டாவது பதில்தான் சரி. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரெண்டாவதையே அமுக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, ‘மாமா, ஒரு கேள்விக்குத் தெரியாம சரியாப் போட்டுட்டேன்’ என்று மன்னிப்புக் கேட்டேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கு இரண்டாம் வகுப்பு அறிவு என்று மிஷின் சொல்லிவிட்டது. இப்போது நான் ‘சி’ பிரிவு. சைக்கிள் ஷெட் பக்கத்தில் புதுத் தகர ரூம். அஜ்மலும் சித்தீகாவும் மாமா சொன்னதைக் கேட்காமல் படித்துப் பார்த்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் ‘ஏ’ பிரிவிலேயே இருக்கிறார்கள். மாமா பேச்சைக் கேட்டவர்கள் எல்லாம் ‘சி’யில் இருக்கிறோம். இங்கே தினமும் குச்சி வைத்துக் கூட்டல் கணக்கு. எனக்குத் தூக்கம் வருகிறது.

அத்தை தலைக்கு எண்ணெய் வைக்கிறார்கள். அப்பாவுக்கு முத்தம்.

உன் மகள்
நிலா


கேம்ப்பெல் பே
15-9-2013

இளவழகா,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இப்போது எனக்கு மனசில்லை.

நிலாவின் கடிதம் வந்தது. அவள் கோள் சொல்லவில்லை. கோள் சொல்கிறோம் என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மாமா சொன்னார், செய்தேன் என்று எழுதியிருக்கிறாள். சரியான பதிலைப் போட்டதற்கு ஒரு குழந்தை வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. அதை வாங்கிக்கொண்டு நீ வெளியே போயிருக்கிறாய். உன் சட்டைப் பையில் இருக்கிற சாக்பீஸைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வேலை பார், போ.

என்ன படிப்பு இது? முதலில் பிள்ளையைக் குழியில் தள்ளுவது, பிறகு கைதூக்கி விட்டு, ‘பாருங்கள், எவ்வளவு உயரம் ஏற்றிவிட்டோம்’ என்று ஊருக்குக் காட்டுவது. தொட்டிலையும் ஆட்டிப் பிள்ளையையும் கிள்ளுகிற வேலை. அந்தக் கொளஞ்சிநாதனுக்கு வியாபாரம், அவன் செய்வான். உனக்கு என்னடா வந்தது? படியில் ஏற்றிவிட்டுப் பெருமைப்பட்டவன் நீதானே? போன கடிதத்தில் பிள்ளையார் சுழியெல்லாம் எழுதத் தெரிந்தது, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை எழுதக் கை வரவில்லையா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய்.

இன்னொன்றுதான் எனக்கு ஆறவில்லை. உன் பேச்சைக் கேட்காத பிள்ளைகள் மேலே இருக்கிறார்கள். கேட்ட பிள்ளைகள் தகர ஷெட்டில் குச்சி எண்ணுகிறார்கள். வாத்தியார் சொல் கேட்டால் இதுதான் கதி என்று நீயே நடத்திக் காட்டியிருக்கிறாய்.

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் என் மகள் ‘ஏ’ பிரிவில் இருக்க வேண்டும். பதில் எழுது. தனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
20-11-2013

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலம் தெரியாமல் கவலை. பதில் தாமதமானதற்குக் கப்பல்தான் காரணம். புயல் சமயம் தபால் தேங்கிவிட்டது என்றார்கள். தீபாவளி நல்லபடியாகப் போனது. நிலாவுக்குப் பச்சைப் பாவாடை எடுத்தோம்.

உன் கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். இது நான் எடுத்த முடிவு இல்லை. டைரக்டர் எல்லா வாத்தியார்களையும் கூப்பிட்டு, ‘மொத டெஸ்ட்ல கம்மியா காட்டுங்க, ரெண்டாவதுல ஏத்திக் காட்டலாம். அப்பதான் அட்மிஷனுக்கு ஆள் வரும்’ என்றார். யாராவது வாய் திறந்தார்களா? நான் மட்டும் திறந்தால் என்ன ஆகும்? நான் இன்னும் கான்ட்ராக்ட் வாத்தியார்தான். ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை இருக்கிறதா இல்லையா என்று அந்த ரூம் வாசலில் போய் நிற்கிறேன். நம் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்டாகவே மண் வாரிச் செத்தார். அதே மண்ணை வாரிய பெர்மனன்ட் ஆட்களுக்குக் குவார்ட்டர்ஸும் ஆஸ்பத்திரியும் இருந்தது. அப்பாவுக்கு வாசலுக்குள் நுழைகிற பாஸ்கூட ஒவ்வொரு முறையும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

‘ஏ’ பிரிவுக்கு மாற்றக் கேட்டேன். மிஷின் ரிப்போர்ட்படி பிரித்ததை நடுவில் மாற்றினால் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். பிப்ரவரி வரை பொறுத்துக்கொள். எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாமாவிடம் இதையெல்லாம் பெரிதாக்க வேண்டாம்.

இளவழகன்


கேம்ப்பெல் பே
10-12-2013

தம்பிக்கு,

நலம். அவரும் நலம். அடுத்த மாதம் பொங்கலுக்கு வர லீவு கிடைக்கவில்லை.

உன் கடிதம் வந்தது. கப்பல் மேல் பழி போடாதே. அக்டோபரில் நிலா எழுதிய கடிதம் அதே கப்பலில் ஏறி ஒழுங்காக வந்தது. உன் கடிதத்துக்கு மட்டும் இடமில்லையா?

அப்பாவை நீ ஏன் இதில் இழுக்கிறாய்? அவர் கான்ட்ராக்ட்தான். ஷிஃப்ட் போட்டால் மண் வாரினார். வாராத மண்ணை வாரியதாகச் சொல்லி எவன் பிள்ளை வயிற்றிலும் அடிக்கவில்லை.

இனி நான் உன்னோடு மல்லுக்கட்டப் போவதில்லை. நிலாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். ‘பிப்ரவரியில் யார் என்ன சொன்னாலும் கேள்வியை நிதானமாகப் படி, தெரிந்ததைச் சரியாகப் போடு. இது அம்மா சொல்’ என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மட்டும் குறுக்கே நிற்காதே.

பொங்கல் வாழ்த்து உங்கள் இருவருக்கும்.

பொற்கொடி


மந்தாரக்குப்பம்
12-2-2014

அன்புள்ள அம்மா, அப்பா,

நிலா எழுதுவது. நான் நலம், நீங்கள் நலமா? அம்மா, நீ சொன்னபடியே செய்துவிட்டேன்!

பரீட்சை திங்கட்கிழமை நடந்தது. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன். முதலில் சுலபமாக வந்தது. அப்புறம் நம் வகுப்புக் கணக்கு. அப்புறம் எட்டாவது கணக்கு. ‘சி’ பிரிவில் எங்களுக்கு ஒன்றும் நடத்தவில்லை, ஆனால் சித்தீகா தினமும் மதியம் சாப்பிடும்போது ‘ஏ’ பிரிவில் நடத்தியதை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள். மீதியை நானே பழைய எட்டாவது புத்தகத்தில் போட்டுப் பார்ப்பேன். அதெல்லாம் வந்தது. பிறகு நான் பார்த்தே இராத கணக்கெல்லாம் வர ஆரம்பித்தது. வட்டத்துக்குள் முக்கோணம், என்னென்னவோ குறி. எனக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்கு மேலே இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று மிஷின் காட்டிக்கொண்டே போனது. தெரியாத கேள்வி வந்தால் இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது அம்மா.

முடித்ததும் ஒன்பதாம் வகுப்பு மட்டம் என்று வந்தது. பள்ளிக்கூடத்திலேயே நான்தான் அதிகம். சித்தீகா கட்டிப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மாமா வந்து திரையைப் பார்த்தார். கை தட்டுவார் என்று நினைத்தேன். ‘இவ்ளோ ஏன்டாம்மா போட்ட?’ என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் நான் ‘ஏ’ பிரிவுதான்.

உன் செல்ல மகள்
நிலா


மந்தாரக்குப்பம்
5-3-2014

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தனம் வணங்கி எழுதுகிறேன். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. இதையும் உங்கள் தம்பிக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிலா இரண்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரே தாவாகத் தாவியது எப்படி என்று பெங்களூர் கம்பெனி பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டது. மற்ற பிள்ளைகளும் ஏறியிருக்கிறார்கள், ஆனால் நம்பும்படி ஏறியிருக்கிறார்கள். இவள் ஏறியதுதான் கண்ணை உறுத்திவிட்டது. உண்மையைச் சொன்னால் ஜூலையில் நடந்தது வெளியே வந்துவிடும். அதனால் டைரக்டர் இவரைக் கூப்பிட்டு, ‘ஒரு புள்ள காப்பி அடிச்சிட்டான்னு காட்டிட்டா விஷயம் முடிஞ்சிபோயிடும். வேற யாரு வூட்டுப் புள்ளைன்னாலும் அப்பன் ஆத்தா சண்டைக்கி வருவாங்க. ஒங்க வூட்டுப் புள்ளன்னா நமக்குள்ளயே போயிடும் பாருங்க’ என்றாராம். நிலா காப்பி அடித்ததை ஒப்புக்கொள்கிறோம் என்று கார்டியன் கையெழுத்துப் போட வேண்டும். கார்டியன் இவர்தானே, அண்ணி.

இவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை பிரேயரில் அவள் பெயரைப் படித்தார்கள். முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார்களாம். வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு என்னிடம், ‘அத்த, நான் யாரப் பாத்து எழுதனேனாம்?’ என்று கேட்டாள். அழவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். நான் அதிகம் படிக்காதவள். இருந்தாலும் இது அநியாயம் என்று தெரியாத அளவுக்கு மக்கு இல்லை. அன்றிலிருந்து இவருக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை.

நீங்கள் வந்துவிடுங்கள் அண்ணி.

தனம்


மந்தாரக்குப்பம்
20-3-2014

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீயும் மாமாவும் நலமென்று நம்புகிறேன். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நிலா முழுப் பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிறாள்.

ஒரு நல்ல செய்தி. வரும் ஜூனிலிருந்து என்னைப் பெர்மனன்ட் ஆக்குவதாக டைரக்டர் சொல்லியிருக்கிறார். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

இளவழகன்


கேம்ப்பெல் பே
4-5-2014

இளவழகனுக்கு,

நானும் நிலாவும் ஊர் வந்து சேர்ந்தோம். கப்பலில் அவளுக்கு வாந்தி. இப்போது பரவாயில்லை.

உன் 20-ஆம் தேதிக் கடிதம் நான் திரும்பி வந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. வேறு விசேஷம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு அவர், ‘இவன் கையால இன்னொரு கடுதாசி இந்த வூட்டுக்கு வரக்கூடாது’ என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் வருகிறேன் என்று தெரிந்ததும் கடலூரில் விடைத்தாள் திருத்துகிறேன் என்று போய்விட்டாய். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை. ஊரான் பிள்ளைகள் எழுதிய சரி தப்பெல்லாம் சிவப்பு மையில் பார்க்கத் தெரிந்தவனுக்கு அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அதனால் உன் டைரக்டர் ரூமில் நடந்தது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

நிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ‘எம் பொண்ணு யாரப் பாத்து எழுதனா, பேரச் சொல்லுங்க’ என்றேன். ‘அது முடிஞ்சிபோன விஷயம்மா’ என்றார். ‘ஒருத்தருக்கு வந்த கேள்வி இன்னொருத்தருக்கு வராத பரீட்சைன்னு எந் தம்பி எனக்குக் கடுதாசி எழுதியிருக்கான். அப்பறம் எப்பிடிங்க காப்பி அடிக்க முடியும்? மிஷினப் பாத்தா மிஷின் காப்பி குடுக்குமா?’ என்றேன். அவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டி, ‘ஒங்க தம்பியே போட்டுக் குடுத்துட்டாரு. நீங்க யார நம்பறீங்க, நான் யார நம்பறது?’ என்றார். உன் கையெழுத்தை நான் பார்த்தேன். நீ ஒன்றாம் வகுப்பில் கோணலாக ‘இ’ போட்டபோது கை பிடித்து எழுத வைத்தவள் நான்.

அப்போது நிலா சொன்னாள். ‘சார், கம்ப்யூட்டர ஆன் பண்ணுங்க. நான் இப்பவே ஒங்க எதுருல போடறன். நீங்க பக்கத்துலயே ஒக்காந்துக்குங்க.’ அந்த ஆள் மேலே ஃபேனைப் பார்த்துவிட்டு, ‘கரண்ட் இல்லம்மா’ என்றார். பரீட்சைக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் அன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்டேன். டி.சி.யை எழுதி நீட்டினார். நான் போட்ட சத்தம் பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும். கேட்கட்டும்.

பஸ் ஸ்டாண்டில் உங்கள் பள்ளிக்கூட பேனரைப் பார்த்தேன். ‘ஏழே மாதத்தில் அபார வளர்ச்சி’. பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம். நிலா நின்ற ஓரத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். சரியாக வெட்டத் தெரியவில்லை, அவள் சடையில் கட்டிய ரிப்பன் மட்டும் மிச்சம் இருக்கிறது. அவளை அவமானப்படுத்தியும் பிழைக்கிறீர்கள், மற்றப் பிள்ளைகளின் பொய் வளர்ச்சியைக் காட்டியும் பிழைக்கிறீர்கள்.

நீ பெர்மனன்ட் ஆனதற்கு அப்பா சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். அந்தப் பொய்யை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதே.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். போன வாரம் நிலாவை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் ஒரு பஞ்சாபி அம்மாள், நல்ல மாதிரி. எந்த வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று பார்க்க ஒரு சின்னப் பரீட்சை வைத்தார். கம்ப்யூட்டரெல்லாம் இல்லை, ஒரு தாள், ஒரு பென்சில். நிலா தாளை வாங்கி முழுக்கப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும், எனக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பென்சிலை எடுக்கவில்லை. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் டீச்சரைக் கேட்டாள். டீச்சருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். நிலாவும் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள்:

‘அம்மா, இத சரியா எழுதணுமா, தப்பா எழுதணுமா?’

விளையாட்டுக்குக் கேட்கவில்லை இளவழகா. குத்திக் காட்டவும் கேட்கவில்லை. பேனா மையா பென்சிலா என்று கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டாள். தப்பாக எழுது என்று நீ சொன்னாய், எழுதினாள், தகர ஷெட்டில் போட்டீர்கள். சரியாக எழுது என்று நான் சொன்னேன், எழுதினாள், திருடி என்று பிரேயரில் நிறுத்தினீர்கள். மூன்றாவது தடவை என்ன சொல்வது? சரியாக எழுதும்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் தாளை மூடி வைத்துவிட்டு, நாளைக்கு எழுதுகிறேன் என்று வந்துவிட்டாள். இன்னும் எழுதவில்லை. டீச்சர் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. ஜூலையில் என்ன நடந்தது, யார் சொல்லி நடந்தது, இந்தப் பிள்ளை யாரையும் பார்த்து எழுதவில்லை என்று உன் கைப்பட அந்தக் கம்பெனிக்கு எழுதி, ஒரு நகலை நிலாவுக்கு அனுப்பு. எனக்கு எழுத வேண்டாம், என் நலம் விசாரிக்கவும் வேண்டாம்.

தனத்தை நான் கேட்டதாகச் சொல்.

பொற்கொடி